மாவடை மரவடை உட்பட

கிரையப் பத்திரத்தில் சொத்து விவரம் முடிகிற இடத்தில் ஒரு வரி வரும்: "மேற்படி நிலமும் அதிலுள்ள மாவடை, மரவடை, நடைவழி, வண்டிவழிப் பாத்தியங்கள் உட்பட." மரவடை என்றால் நிலத்தில் நிற்கும் மரங்கள். பத்திரம் எழுதுகிறவர் கை பழக்கத்தில் எழுதிவிட்டுப் போகும் வரி இது. ஏற்காட்டில் தோட்டம் வாங்க ஆசைப்படுகிறவர்கள் தடுக்கி விழுவது பெரும்பாலும் இதில்தான்.

போன மழைக்காலத்தில், சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் ஒருவர் ஜெராக்ஸ் கட்டோடு என் அலுவலகத்துக்கு வந்தார். ஏழு ஏக்கர் காபித் தோட்டம். நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக் மட்டும் 412. புரோக்கர் கணக்குப் போட்டே கொடுத்திருந்தார்: பாதி மரத்தை வெட்டி விற்றால் நிலத்துக்குக் கொடுத்த பணத்தில் ஒரு பங்கு திரும்பிவிடும், மீதி மரத்தில் மிளகு ஏற்றலாம், மேட்டில் இரண்டு காட்டேஜ் போட்டால் சனி ஞாயிறு வாடகை வரும்.

"மரவடை உட்படன்னு எழுதித் தர்றாங்க சார். அப்புறம் என்ன?"

அந்த வரி மரத்தை உங்களுடையதாக்கும். வெட்டுகிற உரிமையைத் தராது. இதை வாயால் சொன்னால் யாரும் நம்புவதில்லை என்பதால், லைசென்ஸ் சர்வேயர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு 20 கொண்டை ஊசி வளைவும் ஏறிப் போனோம்.

விற்பவரின் ஆட்கள் ஒவ்வொரு மரத்திலும் நெஞ்சு உயரத்தில் வெள்ளை பெயின்டில் நம்பர் போட்டிருந்தார்கள். பார்க்க ஒழுங்காகத்தான் இருந்தது. கீழே சரிவில் ஒரு சின்ன ஓடை. தாண்டினால் கால் நனையும், அவ்வளவுதான். 287ஆம் நம்பர் மரம் ஓடையின் நடுத்திட்டில் நின்றது. 288 முதல் அக்கரையில். சர்வேயர் நில அளவு வரைபடமான புலப்படத்தை விரித்து, உன்னிச்செடிப் புதரை அரிவாளால் விலக்கி எல்லைக்கல்லைத் தேடினார். கல் இக்கரையிலேயே, நாங்கள் நின்ற இடத்துக்கு நாலடி மேலேயே இருந்தது. ஓடைக்குத் தனி சர்வே நம்பர். வருவாய்த் துறையின் நிலப் பதிவேடான அ-பதிவேட்டில் அது ஓடைப் புறம்போக்கு. அக்கரை வேறு ஒருவர் பட்டா. ஆக, எண்ணிக் காட்டிய மரத்தில் நூற்றுச் சொச்சம் விற்பவருடையதே இல்லை. அவர் பொய் சொன்னார் என்று நான் சொல்லமாட்டேன். அவருடைய அப்பா காலத்திலிருந்து அந்த மரத்தில் மிளகு பறித்திருக்கிறார்கள். தங்களுடையது என்றே நினைத்திருப்பார்கள்.

அடுத்தது, வில்லங்கச் சான்றில் (ஈ.சி.) வராத வில்லங்கம். 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தில் அசையாச் சொத்து என்பதற்குத் தரும் விளக்கத்திலிருந்து, வெட்டி விற்பதற்கான நிற்கும் மரத்தை விலக்கி வைத்திருக்கிறார்கள். அதனால் மரத்தை மட்டும் ஒரு வியாபாரியிடம் பேசி அட்வான்ஸ் வாங்கி, ஒரு தாளில் கையெழுத்துப் போட்டிருந்தால் அது பதிவுக்கே வந்திருக்காது. நீங்கள் ஈ.சி. போட்டுப் பார்த்தால் சுத்தமாக இருக்கும். கிரையம் முடிந்த மூன்றாம் மாதம் வியாபாரி தாளோடு வந்து நிற்பார். இதற்கு ஒரே வழி, பக்கத்துத் தோட்டத்திலும் டீக்கடையிலும் விசாரிப்பது. மலையில் ரகசியம் நிற்காது.

இனி கோடாலிக்கு வருவோம். மலைப் பகுதி மரங்களுக்கென்று 1955லேயே சட்டம் இருக்கிறது. பட்டா நிலமாகவே இருந்தாலும், கலெக்டர் தலைமையிலான கமிட்டியின் அனுமதி இல்லாமல் வெட்டக்கூடாது. சந்தன மரம் உங்கள் நிலத்தில் தானாக முளைத்திருந்தாலும் நீங்களாக வெட்ட முடியாது. வனத்துறைக்குத் தெரிவித்து அவர்கள் வழியாகத்தான் நடக்கும். வெட்டிய மரத்தை லாரியில் ஏற்றிக் கீழே கொண்டுவருவதற்கு வேறு அனுமதி. சில இனங்களுக்கு விலக்கு உண்டு, எந்த இனத்துக்கு என்பதை வனச்சரக அலுவலகத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும், புரோக்கரிடம் அல்ல.

இதைவிடக் கடுமையானது 1949ஆம் ஆண்டின் தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டம். நிலம் அதன் கீழ் காடு என்று அறிவிக்கப்பட்டிருந்தால், முன் அனுமதி இல்லாமல் வெட்டுவது மட்டுமல்ல, விற்பதே கூடாது. விற்றால் கிரையம் செல்லாது. பத்திரம் பதிவாகி, பணம் கைமாறி, வீட்டில் சர்க்கரைப் பொங்கல் வைத்த பிறகும் செல்லாது. போதாததற்கு 1996 டிசம்பர் 12இல் உச்ச நீதிமன்றம், காடு என்ற சொல்லுக்கு அகராதிப் பொருளே பொருள், உடைமையாளர் யார் என்பது பொருட்டல்ல என்று சொல்லிவிட்டது. காபிச் செடியைப் பல வருஷம் கவனிக்காமல் விட்டு முழுக்கக் காடாகிப்போன தோட்டத்தை 'இயற்கை எழில்' என்று விற்கும்போது எனக்கு வயிற்றைக் கலக்குவது இதனால்தான்.

பட்டா யார் பெயரில், எப்படி வந்தது என்பதையும் பாருங்கள். ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையின் பழங்குடிகள் மலையாளிகள் (கேரளத்துக்காரர்கள் அல்லர்). 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டப்படி அவர்களுக்குக் கிடைத்த உரிமை வாரிசுக்குப் போகும், விற்க முடியாது. அரசு நிபந்தனையோடு ஒப்படை செய்த (ஒதுக்கிக் கொடுத்த) நிலங்களும் உண்டு. விலை மலிவாக இருக்கிறதே என்று மகிழ்கிற நிலம் பல நேரம் இந்த வகைதான். அதை வாங்குவது சட்டப்படியும் தவறு, என் பார்வையில் வேறு விதத்திலும் தவறு.

காட்டேஜுக்கு, ஹாக்கா என்று சுருக்கமாகச் சொல்லும் மலையிடப் பாதுகாப்புக் குழும விதிகள் இருக்கின்றன. ஊராட்சி ரசீதைக் காட்டி "எல்லாரும் கட்டியிருக்காங்க" என்பார்கள். சீல் வைக்கும்போது அந்த எல்லாரும் வரமாட்டார்கள். பாதையும் அப்படித்தான்: ஜீப் போகிறது என்பதற்காகப் பாதை உங்களுக்கு இருக்கிறது என்று அர்த்தமில்லை. பெரிய எஸ்டேட்டின் சொந்தத் தடமாக இருக்கலாம். எந்த சர்வே நம்பர் வழியாக, எத்தனை அடி அகலம் என்று பத்திரத்தில் வர வேண்டும். 'மாமூல் தடம்' (வழக்கமாகப் போய்வரும் பாதை) என்ற இரண்டு சொல்லை நம்பி கேட் பூட்டப்பட்டவர்கள் என்னிடம் நிறையப் பேர் வந்திருக்கிறார்கள்.

இறங்கி வரும்போது பட்டறைக்காரர் வெகுநேரம் பேசவில்லை. பாதி வழியில் கேட்டார்: "சரி, பர்மிஷன் கிடைச்சு பாதி மரத்தை வெட்டினா?"

வெட்டினால் அந்த மரத்தில் ஏறியிருக்கும் மிளகுக் கொடி போகும். நிழல் போனால் அடியில் இருக்கிற அராபிகா காபிச் செடி கருகும். மரம், மிளகு, காபி என்று புரோக்கர் மூன்று வரவு எழுதியிருந்தார். ஒன்றை எடுத்தால் மற்ற இரண்டும் குறையும் என்பதைக் கொலுசுக்காரருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. வெள்ளியை உருக்கிவிட்டுக் கொலுசையும் விற்க முடியாது.

அவர் பின்வாங்கவில்லை. ஓடைக்கு இக்கரையில் உள்ளதற்கு மட்டும், மரத்துக்கு ஒரு ரூபாயும் சேர்க்காமல், வெறும் காபித் தோட்ட விலை பேசியிருக்கிறார். 'மாவடை மரவடை' வரியை எடுத்துவிடலாமா என்று கேட்டார். இருக்கட்டும் என்றேன். அதற்குக் கீழே, மரம் தொடர்பாக யாரிடமும் ஒப்பந்தம் போடவில்லை, முன்பணம் வாங்கவில்லை, இருந்தால் நானே பொறுப்பு என்று விற்பவர் கையால் ஒரு பத்தி வேண்டும். ஒன்றுமில்லாத அந்தப் பத்திக்கு விற்பவர் இரண்டு வாரமாக யோசித்துக்கொண்டிருக்கிறார்.