பாப்-அப் திறந்தால் பின்னால் இருக்கும் பக்கம் ஏன் நகர்கிறது?

ஆண்ட்ராய்டில் ஒழுங்காக இருக்கும் பாப்-அப், ஐபோனில் மட்டும் பின்பக்கத்தையும் சேர்த்து இழுக்கிறது. இந்தப் புகாரோடு “ஐபோன் குரோமிலும் அப்படித்தான்” என்று யாராவது சொன்னால் அது புதுத் தகவல் இல்லை. ஐபோன் குரோமுக்குள் ஓடுவதும் சஃபாரியின் வெப்கிட்தான், பக்கத்தைத் திரையில் வரையும் எஞ்சின் அது (ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 முதல் வேறு எஞ்சினுக்கு அனுமதி உண்டு). கம்ப்யூட்டரில் டெவ்டூல்ஸின் (பிரவுசரோடு வரும் சோதனைக் கருவிகள்) மொபைல் தோற்றத்தை நம்பவும் வேண்டாம். திரை அளவு மாறுமே தவிர எஞ்சின் மாறாது. போனைக் கேபிளில் இணைத்துத்தான் பார்க்க வேண்டும். ஐபோனுக்கு மேக் தேவை.

எல்லோரும் முதலில் செய்வது பாடிக்கு (முழுப் பக்கத்தையும் தாங்கும் எச்டிஎம்எல் உறுப்பு) ஓவர்ஃப்ளோ ஹிட்டன் போட்டு ஸ்க்ரோலை நிறுத்தப் பார்ப்பது. பழைய ஐஓஎஸ் சஃபாரி அதைக் கண்டுகொள்ளாது. அங்கே கைகொடுப்பது இது: பாப்-அப் திறக்கும்போது ஸ்க்ரோல்-ஒய் மதிப்பை, அதாவது பக்கம் எவ்வளவு தூரம் நகர்ந்திருக்கிறது என்ற எண்ணை, சேமியுங்கள். பாடிக்கு பொசிஷன் ஃபிக்ஸ்டு, அகலம் 100%, டாப்பில் சேமித்த எண் மைனஸில். மூடும்போது மூன்றையும் எடுத்துவிட்டு, ஸ்க்ரோல்-டு கொடுத்துப் பழைய இடத்துக்குத் திருப்புங்கள். இதை மறந்தால் பக்கம் உச்சிக்குப் போய்விடும். எச்டிஎம்எல்லில் ஸ்க்ரோல்-பிஹேவியர் ஸ்மூத் இருந்தால், திரும்புவது கண்ணெதிரே வழுக்கிக்கொண்டு நடக்கும். அந்த ஒரு அழைப்புக்கு இன்ஸ்டன்ட் கொடுங்கள்.

ஓவர்ஸ்க்ரோல்-பிஹேவியர் கன்டெயின் என்ற சிஎஸ்எஸ் விதி குரோம் 63-இலும் (2017) சஃபாரி 16-இலும் (2022) வந்தது. பாப்-அப்புக்குள் பட்டியல் முடிந்ததும் இழுவை பின்பக்கத்துக்குத் தாவாமல் தடுக்கும். ஆனால் உள்ளடக்கம் சிறியதாகி, உள்ளே ஸ்க்ரோலே இல்லாவிட்டால் பல பதிப்புகளில் பலன் இருக்காது. சோதனையில் நீளமான பட்டியலையே வைத்துப் பார்ப்பதால் இந்தக் குறை கண்ணில் படாமல் தப்பிவிடும்.

ஸ்க்ரோலைத் தடுக்க டச்மூவில் (விரல் நகரும்போது எழும் நிகழ்வு) ப்ரிவென்ட்-டிஃபால்ட் எழுதியும் நிற்கவில்லையா? குரோம் 56 முதல் விண்டோ, டாக்குமென்ட், பாடி மூன்றிலும் டச் லிஸனர்கள் (தொடுதலைக் கவனிக்கும் கோட்) தாமாகவே பேஸிவ், அதாவது ஸ்க்ரோலைத் தடுக்க முடியாதவை; ஐஓஎஸ் 11.3-இலிருந்து சஃபாரியும் அப்படியே. பேஸிவ் ஃபால்ஸ் என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். அப்போதும் ஸ்க்ரோல் தொடங்கிய பிறகு ரத்து செய்ய முடியாது. பக்கவாட்டில் தள்ளிப் பார்க்கும் கேரசலுக்கு இந்த வம்பே வேண்டாம், சிஎஸ்எஸ்ஸில் டச்-ஆக்ஷன் பான்-ஒய் போதும்.

பாப்-அப்பின் அடியில் உள்ள பட்டன் அட்ரஸ் பாருக்குப் பின்னால் ஒளிந்தால் காரணம் உயரத்துக்குக் கொடுத்த 100விஎச்; அது பார் சுருங்கியிருக்கும்போதுள்ள திரை உயரம். பழைய பிரவுசருக்காக அதை முதல் வரியில் விட்டு, அடுத்த வரியில் 100எஸ்விஎச் (பார் முழுதாகத் தெரியும்போது மிஞ்சும் உயரம்) எழுதுங்கள். பாருக்கேற்ப மாறும் டிவிஎச் போட்டால் பார் சுருங்கும்போதெல்லாம் பாப்-அப்பின் உயரமும் மாறிக்கொண்டே இருக்கும்.