பச்சைக்கு எதற்குச் சலவை?

மறுபடியும் 'பசுமைச் சலவை'. இந்த வாரத்தில் மூன்றாவது முறை படிக்கிறேன், பொறுமை போய்விட்டது.

கிரீன்வாஷிங் என்பதற்குத்தான் இந்தத் தமிழ். சுற்றுச்சூழலைக் கெடுத்துக்கொண்டே இயற்கைக் காவலர் வேடம் போடும் நிறுவனங்களின் விளம்பர வேலை அது. துவாலையை மறுபடி பயன்படுத்திப் பூமியைக் காப்பாற்றுங்கள் என்று அட்டை வைத்த விடுதிகளைச் சாடி, 1986-இல் அமெரிக்கச் சூழலியலாளர் ஜே வெஸ்டர்வெல்ட் எழுதிய கட்டுரையிலிருந்து பரவிய சொல். ஒயிட்வாஷ் என்பதைப் பார்த்துச் செய்தது. சரி, ஒயிட்வாஷ் என்றால் என்ன? வெள்ளையடிப்பது. சுவரின் கறையை மறைக்கச் சுண்ணாம்பு பூசுவது. அங்கே யாரும் எதையும் கழுவவில்லை. மூளைச்சலவையில் சலவை பொருந்தும். சீனத்தில் அந்தச் சொல்லுக்கு மூளையைக் கழுவுதல் என்றே பொருள். அதைப் பார்த்து இதிலும் சலவையை நுழைத்துவிட்டார்கள். சலவை செய்தால் அழுக்குப் போகும். இங்கே அழுக்கு அப்படியே இருக்கிறது, மேலே சாயம் ஏறியிருக்கிறது, அவ்வளவுதான். இன்னும் சிலர் 'பசுமைக் கழுவல்' என்கிறார்கள். கழுவிக் கழுவி ஊற்றினான் என்றால் நம் பேச்சில் என்ன பொருள் என்று அவர்கள் காதில் விழுந்ததே இல்லை போலிருக்கிறது.

அப்படியானால் 'பச்சைப் பூச்சு' என்று வைக்கலாமே என்பார்கள். பூச்சு சரி. பச்சைதான் இடிக்கிறது.

பசுமை, பச்சை, பாசி எல்லாம் ஒரே குடும்பம். நிறத்தில் தொடங்கி, வாடாதது, வேகாதது, ஆறாதது என்று போய்விட்ட சொல் பச்சை. பச்சைத் தண்ணீருக்கு நிறமே கிடையாது, காய்ச்சாத தண்ணீர் அது. பச்சரிசி வெள்ளையாகத்தான் இருக்கிறது. பச்சைக் குழந்தை, பச்சைப் புண், பிள்ளை பெற்ற பச்சை உடம்பு, எதுவும் பச்சை நிறமில்லை. சூது தெரியாதவனைப் 'பச்சை மண்' என்கிறோம். பச்சை பச்சையாகப் பேசினான் என்றால் கூசாமல் ஆபாசமாகப் பேசினான் என்று அர்த்தம். பச்சைப் பொய், பச்சைத் துரோகம் இரண்டும் ஒளிவு மறைவே இல்லாதவை. ஆக, பேச்சுவழக்கில் பச்சை என்றால் மேலே எதுவும் மூடாதது. மூடி மறைக்கும் வேலைக்குப் போய் அந்தப் பெயரையா வைப்பது?

சுற்றுச்சூழல் பொருளுக்குப் பசுமை நன்றாகவே பழகிவிட்டது. பசுமைத் தாயகம், பசுமைத் தீர்ப்பாயம் என்று காதுக்குப் பழகிய பிறகு, புதுப்பிக்கத்தக்க மின்சாரத்தில் தயாரிக்கும் கிரீன் ஹைட்ரஜனைப் 'பச்சை ஹைட்ரஜன்' என்று எழுதுகிறவரை என்ன சொல்வது? காய்ச்சாத ஹைட்ரஜன் போலிருக்கிறது. அகராதியில் முதல் பொருளை எடுத்து ஒட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். எழுதியதை ஒருமுறை வாய்விட்டுப் படித்தாலே போதும், தட்டும் இடம் தெரிந்துவிடும்.

என் கட்சி, பசப்பு. திருக்குறளில் 119-ஆம் அதிகாரமே பசப்புறு பருவரல்தான். காதலனைப் பிரிந்தவள் மேனியில் படரும் நிறமாற்றம் அது. இன்றைய பேச்சிலோ பசப்புவது என்றால் இனிக்க இனிக்கப் பேசி ஏய்ப்பது. பசப்பு வார்த்தை என்று சொன்னால் யாருக்கும் விளக்கம் வேண்டாம். மேனியில் ஏறிய நிறமும் வாயில் ஊறும் ஏமாற்றும் ஒரே ஒலியில் கிடைக்கும்போது, சலவைக்காரரிடம் ஏன் போக வேண்டும்? தனியாகச் சொன்னால் புரியாது என்றால் 'பசுமைப் பசப்பு' என்று சொல்லுங்கள். 'அந்த ஆலையின் பசுமைப் பசப்பு அம்பலமானது' என்ற தலைப்பைப் படிக்கிறவர், ஆங்கிலச் சொல்லைத் தேடிப் போகமாட்டார்.

பசப்பு கொச்சை, அறிக்கைகளுக்கு ஆகாது என்று ஒரு நண்பர் சொன்னார். குறளில் இருக்கிற சொல் கொச்சை, சலவைக்கடைச் சொல் செந்தமிழாம்!