தொலைந்த பாட்டுகளின் சாயல்

சர்வர் மாற்றியபோது 2015க்குள் ஏற்றப்பட்ட பாட்டுகள் அழிந்துவிட்டன என்று, ஒரு காலத்தில் இசைக்குழுக்கள் பாட்டுகளை ஏற்றிவந்த சமூக வலைத்தளமான மைஸ்பேஸ் ஒப்புக்கொண்டது 2019 மார்ச்சில்தான் பெரிய செய்தியானது. சுமார் 1.4 கோடிக் கலைஞர்களின் 5 கோடிப் பாட்டுகள் என்று மதிப்பிட்டார்கள். பல சின்னக் குழுக்களிடம் வேறு பிரதியே இல்லை.

அடுத்த மாதம் இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இணைய நூலகம் ஒரு தொகுப்பை வெளியிட்டது. 2008 முதல் 2010 வரை ஆய்வுக்காக ஒரு கல்விக் குழு இறக்கி வைத்திருந்த 4.9 லட்சம் எம்பி3 கோப்புகள். போனதில் நூற்றுக்கு ஒன்று தேறும்.

இதை வைத்து மீதியைக் கணினியால் மீட்க முடியாது. ஆனால் அந்தக் காலத்துச் சாயலில் புது ஒலியை உண்டாக்க முடியும். 2020இல் ஓபன்ஏஐ வெளியிட்ட, பாட்டுகளைக் கேட்டுக் கற்றுப் புது இசை உண்டாக்கும் ஜூக்பாக்ஸ் என்ற ஏஐ மாடல் வேலை செய்த விதத்தைப் பார்த்தால் இது புரியும்.

சிடி தரத்தில் ஒரு விநாடி ஒலி என்பது ஒரு சேனலுக்கு 44,100 எண்கள். ஒரு முழுப் பாட்டை இப்படி எண் எண்ணாகக் கற்பது எந்த மாடலுக்கும் பெரும்பாடு. அதனால் முதலில் ஒரு நியூரல் நெட்வொர்க் (தரவைப் பார்த்துத் தானே கற்கும் நிரல்) ஒலியைச் சுருக்குகிறது: 128 எண்களுக்குப் பதில் ஒரே குறியீடு, அதுவும் 2,048 குறியீடுகள் கொண்ட பட்டியலிலிருந்து. இப்போது ஒரு விநாடிக்கு ஏறத்தாழ 345 குறியீடுகள்தான். அப்புறம் இன்னொரு மாடல், இதுவரை வந்ததைப் பார்த்து அடுத்து எது வரக்கூடும் என்று ஒவ்வொன்றாகக் கணிக்கிறது. மேலும் இரண்டு மாடல்கள் நுணுக்கங்களைச் சேர்த்த பிறகு எல்லாம் மறுபடி ஒலியாகிறது. ஒரு நிமிட இசைக்குச் சுமார் 9 மணி நேரம் பிடித்தது!

எனக்குப் பிடித்த விஷயம் வேறு. இசை எது, கோளாறு எது என்று மாடலுக்குத் தெரியாது. மலிவு மைக்கின் இரைச்சல், அளவுக்கு மீறி ஏற்றிய சத்தத்தின் பிசிறு, 128 கேபிபிஎஸ் அளவுக்குச் சுருக்கிய எம்பி3 வழக்கமாக 16 கிலோஹெர்ட்ஸுக்கு மேலான உச்ச ஒலியை வெட்டிவிடும் குறை, எல்லாவற்றையும் சேர்த்தே கற்கிறது. மற்ற இடத்தில் இது தலைவலி. இங்கே அந்தக் கோளாறுகள்தான் 2008ஐக் காதில் கொண்டுவருகின்றன.

சிக்கலும் உண்டு. அடிக்கடி வந்ததையே மாடல் நம்பும். யாரோ ஒருவர் தனியாகச் செய்து பார்த்த விசித்திரம் அதில் கரைந்துபோகும். பயிற்சிக்குக் கொடுத்த பாட்டுகள் மிகக் குறைவென்றாலோ, அவற்றின் துண்டுகளை அப்படியே ஒப்பிக்கும். அது சாயல் இல்லை, நகல். பதிப்புரிமைத் தகராறும் கூடவே வரும்.

சரி, தன் சொந்தப் பாட்டைத் தேடுகிறவர்? ஆர்க்கைவ் அந்த 4.9 லட்சத்துக்கும் ஒரு தேடல் வசதி அமைத்தது. இசைக்குழுவின் பெயரைப் போட்டுப் பார்க்க வேண்டியதுதான்.