கத்திரி வெயிலில் ஏன் இந்த நடுக்கம்? மயக்க வாயு செய்யும் வேலைகள்

மே மாதத்து வேலூரில் வெயில் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது புதிதல்ல. அதே மாதத்தில்தான் அறுவைச் சிகிச்சை முடிந்து கண் விழிப்பவர்கள் பல் கிட்டிக்க நடுங்கியபடி கம்பளி கேட்கிறார்கள். உறவினர்கள் ஏ.சி.யைக் குற்றம் சொல்வார்கள். ஏ.சி.க்கும் பங்கு உண்டு என்றாலும் முதல் குற்றவாளி, நோயாளி சுவாசித்த வாயு.

மூளையின் அடிப்பகுதியில் உள்ள ஹைப்போதலாமஸ் உடல் வெப்பத்தை 37 டிகிரியை ஒட்டியே வைத்திருக்கிறது. சற்றே குறைந்தாலும் தோலின் இரத்தக் குழாய்களைச் சுருக்கும். அதற்கும் சரிவராவிட்டால் தசைகளை நடுங்கவைத்துச் சூடு உண்டாக்கும். செவோஃபுளூரேன், ஐசோஃபுளூரேன் போன்ற மயக்க வாயுக்கள் இந்தக் காவலைத் தளர்த்திவிடுகின்றன. உடல் இரண்டு மூன்று டிகிரி குளிர்ந்தாலும் ஹைப்போதலாமஸ் கண்டுகொள்வதில்லை. குழாய்கள் விரிவதால் நெஞ்சிலும் வயிற்றிலும் இருந்த சூடு கை கால்களுக்கு ஓடிவிடுகிறது. முதல் ஒரு மணி நேரத்திலேயே உள்ளுடல் வெப்பம் 1 முதல் 1.5 டிகிரி வரை இறங்கலாம். வாயு வெளியேறி மூளை தெளிந்ததும் ஹைப்போதலாமஸ் கணக்குப் பார்க்கிறது; நடுக்கம் தொடங்குகிறது.

1900-ல் அமெரிக்க மருத்துவர் ஐடா ஸ்கடர் ஒற்றைப் படுக்கையோடு மருத்துவப் பணி தொடங்கிய ஊர் இது. 1961-ல் இந்தியாவின் முதல் வெற்றிகரமான திறந்த இதய அறுவைச் சிகிச்சை நடந்ததும் இங்கேதான். காந்தி ரோட்டு விடுதிகளில் வங்காளத்திலிருந்து சிகிச்சைக்கு வந்து தங்கியிருப்பவர்கள் உட்பட, இங்கே ஆபரேஷன் என்பது அன்றாடப் பேச்சு. ஆனால் அந்தப் பேச்சில் அறுவை மருத்துவரின் பெயர்தான் அடிபடும். மயக்க மருத்துவரின் பெயரை யாரும் கேட்டுவைப்பதில்லை.

மயக்கத்தைப் பலரும் ஆழ்ந்த உறக்கம் என்று நினைக்கிறார்கள். உறங்குபவரைக் கிள்ளினால் எழுந்துவிடுவார். கத்தி பட்டும் எழாதிருப்பது வேறு நிலை. அந்த நிலையும் ஒரே செயல் அல்ல. நினைவு பதியாமை, உணர்வு இழப்பு, அசைவின்மை என மூன்று தனித்தனி விளைவுகளை ஒரே வாயு வெவ்வேறு அளவுகளில் உண்டாக்குகிறது. தோலைக் கீறும்போது நோயாளிகளில் பாதிப் பேர் அசையாமல் இருக்க, சுவாசிக்கும் காற்றில் வாயு எவ்வளவு அடர்வாக இருக்க வேண்டும் என்பதே மருத்துவர்களின் அளவுகோல். நடுவயதினருக்கு செவோஃபுளூரேனில் அது சுமார் 2 சதவீதம். வயது ஏற ஏறக் குறையும். அந்த அளவில் மூன்றில் ஒரு பங்கு வந்தாலே பலருக்கு உணர்வு போய்விடும்.

அசைவை நிறுத்துவது மூளை என்றுதான் நெடுங்காலம் நம்பப்பட்டது. 1993-ல் ஆடுகளின் மூளைக்கு மட்டும் ஐசோஃபுளூரேன் போகும்படி இரத்த ஓட்டத்தைப் பிரித்துப் பார்த்தார்கள். உடல் முழுதும் பரவும்போது 1.2 சதவீதத்தில் அடங்கிய ஆடுகளுக்கு, மூளைக்கு மட்டும் கொடுத்தபோது 2.9 சதவீதம் தேவைப்பட்டது. அப்படியென்றால் கையும் காலும் அசையாமல் கிடப்பது பெரும்பாலும் தண்டுவடத்தின் வேலை. மயக்கவியலில் எனக்கு மிகவும் பிடித்த சோதனை இதுதான்.

வாயு நரம்புச் செல்லில் எங்கே போய் ஒட்டுகிறது? ஆலிவ் எண்ணெயில் எந்த வாயு நன்றாகக் கரைகிறதோ அதுவே வீரியம் மிக்கது என்று மேயரும் ஓவர்டனும் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கண்டார்கள். செல்லின் கொழுப்புச் சவ்வுதான் இலக்கு என்ற முடிவு அதிலிருந்து பிறந்தது. 1984-ல் ஃபிராங்க்ஸும் லீபும் மின்மினிப் பூச்சிக்கு ஒளி தரும் நொதியை எடுத்து, கொழுப்பே இல்லாத அந்தப் புரதத்தையும் மயக்க மருந்துகள் முடக்குவதைக் காட்டினார்கள். பார்வை புரதங்களின் பக்கம் திரும்பியது. செவோஃபுளூரேன் வகை வாயுக்கள், நரம்புச் செல்லை அமைதிப்படுத்தும் வாயில்களான காபா ஏற்பிகளைக் கூடுதல் நேரம் திறந்துவைக்கின்றன. குளோரைடு அயனிகள் உள்ளே பாய்ந்து செல்லை அடக்குகின்றன. சில பொட்டாசியம் வாயில்களும் இதற்குத் துணை. நைட்ரஸ் ஆக்சைடு இந்தக் கூட்டத்தில் சேராது. அது முக்கியமாக, செல்லைத் தூண்டிவிடும் என்.எம்.டி.ஏ. ஏற்பியை அடைக்கிறது. இப்படிப் பல இடங்களில் கை வைப்பதால் மூளை மொத்தமாக அணைந்துவிடுவதில்லை. ஒலி மூளையின் மேலடுக்கான புறணி வரைக்கும்கூடப் போய்ச் சேரலாம். மூளையின் பகுதிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதுதான் அறுந்துபோகிறது.

மயங்கும் வேகம், வாயு இரத்தத்தில் கரையும் தன்மையைப் பொறுத்தது. வறண்ட பாலாற்று மணலில் முதலில் வரும் நீரை மணலே குடித்துவிடும். மணல் நனைந்த பிறகுதான் ஆறு ஓடும். பழைய மயக்க மருந்தான ஈதரை இரத்தம் அப்படித்தான் குடித்தது, மூளையில் அதன் அளவு ஏற நேரமாயிற்று. செவோஃபுளூரேன் இரத்தத்தில் குறைவாகவே கரைவதால் சட்டென்று மயக்கும், சட்டென்று தெளியும். பெரும்பகுதி மாற்றமின்றி மூச்சு வழியே வெளியேறிவிடும்.

இனி உடலின் பாடு. இரத்த அழுத்தம் இறங்கும். மூச்சு மேலோட்டமாகும், கார்பன் டை ஆக்சைடு கூடினாலும் வேகமாக மூச்சுவிடும் தூண்டுதல் மழுங்கும். விழுங்குவதும் இருமுவதும் நின்றுபோகும். இரைப்பையில் இருப்பது மேலேறி வந்தால் நுரையீரலுக்குள் போய்விடும். முந்தைய வேளை ஆம்பூர் பிரியாணி சாப்பிட்டதை மருத்துவரிடம் மறைப்பவர்கள் இதைத்தான் யோசிப்பதில்லை. எண்ணெய், இறைச்சி உள்ள உணவுக்கு 8 மணி நேரமோ அதற்கு மேலோ இடைவெளி வேண்டும். எளிய உணவுக்கு 6, தண்ணீருக்கு 2. பீடிப் பழக்கத்தையும் மறைக்கக் கூடாது. புகையால் புண்பட்ட மூச்சுக்குழாய், வாயு பட்டதும் இறுக்கிக்கொள்ளக்கூடும்.

அரிதாக, சில குடும்பங்களில் மரபணுக் குறை ஒன்று உண்டு. அவர்களுக்கு இந்த வாயுக்கள் பட்டால் தசைச் செல்லுக்குள் கால்சியம் கட்டின்றி வெளிப்படும். தசை விறைத்து, உடல் வெப்பம் வேகமாக ஏறும். டான்ட்ரோலீன் என்ற மருந்து வருவதற்கு முன் இந்த நிலைக்கு ஆளானவர்களில் பெரும்பாலோர் பிழைக்கவில்லை. ‘உங்கள் குடும்பத்தில் யாருக்காவது ஆபரேஷனின்போது ஏதும் ஆனதுண்டா?’ என்று மயக்க மருத்துவர் கேட்பது இதற்காகத்தான். இல்லை என்று சொல்லும் முன் வீட்டுப் பெரியவர்களிடம் ஒரு முறை கேட்டுவிடலாம்.