கட்டியாகத் திரளாத மார்பகப் புற்றுநோய்

"கையில் கட்டியே தட்டுப்படவில்லையே டாக்டர், பிறகு எப்படி இது புற்றுநோய்?"

பயாப்சி அறிக்கையோடு வந்த ஒரு பெண்மணி கேட்டார். நோயியல் மருத்துவராகிய நான் நோயாளிகளை நேரில் பார்ப்பது அரிது. ஸ்லைடுகள்தாம் என்னிடம் வரும். அதனால் அவருடைய ஸ்லைடையே நுண்ணோக்கியில் வைத்துக் காட்டினேன்.

ஈ-கேட்ஹெரின் என்ற புரதம் இருக்கும் இடமெல்லாம் பழுப்பாகத் தெரியும்படி அதில் சாயமேற்றியிருந்தோம். ஓரத்தில் இருந்த இயல்பான பால்நாளத்தில் ஒவ்வொரு செல்லையும் சுற்றிப் பழுப்புக் கோடு, தேனடையின் அறைகளைப் போல. அதற்குப் பக்கத்திலேயே, நீலக் கருவைத் தவிர வேறு நிறமே ஏறாத சிறு செல்கள் எறும்புச் சாரையாக நார்த்திசுவுக்குள் நுழைந்திருந்தன. புற்றுச் செல்கள் அவைதாம். அழற்சிச் செல்கள் என்று எண்ணிக் கடந்துவிடும் அளவுக்குச் சிறியவை.

பக்கத்துச் செல்லில் உள்ள தன் இனப் புரதத்தைப் பற்றிக்கொண்டு செல்களைச் சேர்த்து வைப்பதுதான் ஈ-கேட்ஹெரினின் வேலை. அந்தப் பிடிக்குக் கால்சியம் வேண்டும். இது தெரியவந்த விதம் எனக்கு மிகவும் பிடித்தமானது. 1970களில் ஜப்பானிய விஞ்ஞானி மசாதோஷி தாகெய்ச்சி, கியோட்டோவிலிருந்து அமெரிக்காவின் பால்டிமோர் நகர ஆய்வகம் ஒன்றுக்குச் சென்றார். கியோட்டோவில், புரதத்தைச் சிதைக்கும் நொதியான டிரிப்சின் இட்டுப் பிரித்த செல்கள் மறுபடி ஒட்டிக்கொண்டன, பால்டிமோரில் ஒட்டவில்லை. அவர் விடாமல் துருவினார். அங்கிருந்த டிரிப்சின் கரைசலில், கால்சியத்தைக் கவ்விக்கொள்ளும் ஈடிடிஏ கலந்திருந்தது. கால்சியம் இருந்தால் ஒட்டும் புரதம் டிரிப்சினுக்குத் தப்பும், இல்லையென்றால் சிதைந்துபோகும். கேட்ஹெரின் ஆராய்ச்சி அங்கிருந்துதான் தொடங்கியது.

லோபுலார் (பால் சுரக்கும் நுண்மடல்களின் பெயரால் அமைந்தது) வகை மார்பகப் புற்றுநோயில் பெரும்பாலும் இந்தப் புரதம் இல்லாமல் போய்விடுகிறது. பரவும் தன்மையுள்ள மார்பகப் புற்றுநோய்களில் ஏறத்தாழ 10 முதல் 15 சதவீதம் இந்த வகைதான். பிடி விட்ட செல்கள் திரளாமல் தனித்தனியே ஊடுருவுவதால், விரலில் உருளும் கட்டி இல்லாமலே நோய் வளரலாம். மேமோகிராமிலும் தப்பிவிடலாம்; அப்போது அல்ட்ராசவுண்டோ எம்ஆர்ஐயோ தேவைப்படும். மார்பின் ஒரு பகுதி மட்டும் தடித்துப்போவது, ஒரு பக்கத்தின் அளவோ வடிவமோ மாறுவது, தோல் குழிவது, காம்பு புதிதாக உள்வாங்குவது ஆகியவற்றைக் கட்டி இல்லை என்று சொல்லி ஆறப்போடாதீர்கள்.

குடும்பத்தில் யாருக்காவது வயிற்றுப் புற்றுநோய் வந்திருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். 1998இல் நியூசிலாந்தின் மாவோரி குடும்பம் ஒன்றில் தலைமுறைகளாகத் தொடர்ந்த இரைப்பைப் புற்றுநோய்க்கு, ஈ-கேட்ஹெரினை உருவாக்கும் சிடிஎச்1 மரபணுவில் இருந்த பரம்பரைப் பிழையே காரணம் என்று கண்டறிந்தார்கள். இந்த மரபணுப் பிழை உள்ள பெண்களுக்கு லோபுலார் மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பும் அதிகம். இந்த வகை இரைப்பைப் புற்றுநோய் தொடக்கத்தில் எண்டோஸ்கோப்பியின் கண்ணுக்கே தப்பக்கூடியது என்பதால், குடும்ப வரலாறுதான் பல நேரங்களில் முதல் தடயம். ஆனால் மார்பகப் பரிசோதனைக்கு வருகிறவரிடம் உறவினர் வயிற்றைப் பற்றி எல்லோரும் கேட்டுவிடுவதில்லை. கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.

நான் இதை விளக்கி முடித்ததும் அந்தப் பெண்மணி நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுத்தார். "என் அப்பாவுடன் பிறந்த அத்தை வயிற்றுப் புற்றுநோயில்தான் போனார். நாற்பது வயதுகூட ஆகவில்லை" என்றார். மரபியல் ஆலோசனைக்கு அனுப்பும்படி அவருடைய மருத்துவருக்கு அன்றே எழுதினேன்.