நியோஅட்ஜுவன்ட் என்றால் ‘புதிய துணை’யா?

மார்பகப் புற்றுநோய் பற்றிய தமிழ்த் துண்டறிக்கைகளில், ‘நியோஅட்ஜுவன்ட் கீமோதெரபி’க்குத் தமிழாக ‘புதிய துணை கீமோதெரபி’ என்ற தொடர் அடிக்கடி கண்ணில் படுகிறது. நியோ என்றால் புதிய, அட்ஜுவன்ட் என்றால் துணை. அகராதியை இரண்டு தரம் புரட்டியதோடு வேலை முடிந்துவிட்டது.

சொல்லின் கதை சின்னது. ‘உதவு’ என்னும் லத்தீன் வினையிலிருந்து வந்தது அட்ஜுவன்ட். கட்டியை எடுத்த பிறகு, உடம்பில் ஒளிந்திருக்கும் செல்களை அழிக்கத் தரும் மருந்துக்கு அந்தப் பெயர். மிலானில் போனடோனா குழு 1976இல் வெளியிட்ட முடிவுகள் அதை ஊன்ற வைத்தன. அதே மருந்தை அறுவைக்கு முன்பே தர ஆரம்பித்தபோது, ‘புதுவகை அட்ஜுவன்ட்’ என்று கிரேக்க ‘நியோ’வை ஒட்டினார்கள். அன்றைக்குப் புதுசு, சரி. நாற்பது வருஷம் கழிந்தும் புதுசா?

நோயாளி காதில் இது எப்படி விழும்? ‘புதிய’ என்றதும் “நம்ம மேல சோதனை பண்றாங்களோ” என்று தோன்றும். ‘துணை’ என்றால், விட்டாலும் குடி முழுகாது என்று தோன்றும். இரண்டும் தப்பு. ஹெர்-2 வகையிலோ (அந்தப் பெயருள்ள புரதம் புற்றுச் செல்களில் மிகுந்திருப்பது), டிரிபிள் நெகட்டிவ் வகையிலோ (அதைப் பின்னால் சொல்கிறேன்), கட்டி 2 செ.மீ.க்கு மேல் இருந்தாலும் அக்குள் நெறிகட்டிக்குப் பரவியிருந்தாலும், பெரும்பாலும் கீமோதான் முதல் சிகிச்சை. கட்டி சுருங்கினால் மார்பை முழுக்க எடுக்காமல் தப்பலாம். மருந்து கேட்கிறதா என்பதும் கையோடு தெரியும். கட்டி அடியோடு கரைந்துபோனாலும் இடம் தவறக் கூடாதென்று முன்கூட்டியே ஒரு குட்டி உலோகக் கிளிப்பை உள்ளே வைக்கிறார்கள். அறுவையைத் தள்ளினால் பரவிவிடாதா என்று கேட்பவர்களுக்கு, அமெரிக்காவில் 1988இல் தொடங்கிய பி-18 ஆய்வு இருக்கிறது: 1,523 பெண்கள், அதே மருந்தை முன்னால் தந்தாலும் பின்னால் தந்தாலும் ஆயுளில் வித்தியாசம் இல்லை.

ஆக, சொல்ல வேண்டிய விஷயம் ‘முன்’. முன்பணம், முன்பதிவு என்று தினமும் புழங்கும் ஒட்டு அது. பேச்சில் ‘முன்கீமோ’, படிவத்தில் ‘அறுவைக்கு முந்தைய கீமோ’, போதும். ‘முன்துணை வேதிச்சிகிச்சை’ என்பாரும் உண்டு. தமிழ் சுத்தம்தான், ஆனால் அதிலும் அந்தத் துணை ஒட்டிக்கொண்டிருக்கிறது. ‘கீமோ’வை வெளியேற்றியே தீர வேண்டும் என்ற பிடிவாதமும் எனக்கில்லை. கதிர்வீச்சைக் ‘கரண்ட் வைக்கிறது’ என்று சொல்லும் பாட்டிக்கும் கீமோ தெரியும்.

இதே கைகள்தான் டிரிபிள் நெகட்டிவை ‘மும்மடங்கு எதிர்மறை’ ஆக்கின. ஈஸ்ட்ரோஜன், புரொஜெஸ்ட்ரோன், ஹெர்-2 என்ற மூன்று ஏற்பிகளும் (செல்லை வளரச் சொல்லும் சமிக்ஞைக்கான புரதங்கள்) சோதனையில் தென்படவில்லை என்பதுதான் விஷயம். மூன்று பங்கு கெட்டது என்று எங்கே இருக்கிறது?

அப்புறம், ‘பேத்தலாஜிக் கம்ப்ளீட் ரெஸ்பான்ஸ்’ என்பதைத் தமிழாக்கிய ‘முழுமையான நோயியல் பதில்’. யார் கேட்ட கேள்விக்குப் பதில்? எடுத்த திசுவில் ஊடுருவிய புற்றுச் செல் எதுவும் மிஞ்சவில்லை என்று எழுதினால் என்ன? மிஞ்சியிருந்தால் அடுத்த மருந்தே மாறலாம். ஹெர்-2 வகையில் அப்படி மிஞ்சியவர்களுக்கு டி-டிஎம்1 (ஹெர்-2வைக் குறிவைத்துக் கீமோவைக் கொண்டுசேர்க்கும் மருந்து) தந்ததில், வழக்கமான டிராஸ்டுசுமாப் மருந்தோடு ஒப்பிட நோய் திரும்பும் அபாயம் பாதியாகக் குறைந்ததை 2018இல் வெளியான கேத்தரின் ஆய்வு காட்டியது. இவ்வளவு முக்கியமான வரியை அறிக்கையில் பார்க்கும் குடும்பம், ‘பதில் முழுமையில்லை’ என்று படித்துவிட்டு டாக்டர் ஏதோ மறைக்கிறார் என்று நினைத்தால் தப்பு அவர்கள்மேல் இல்லை.