‘குடிச்சிருக்கான் டாக்டர்’

அவசரச் சிகிச்சைப் பிரிவில் மாலை ஆறு மணிக்கு மேல் அடிக்கடி காதில் விழும் சொல் அது. நான் பணியில் சேர்ந்த இரண்டாம் ஆண்டில், பேருந்து நிலையத்தில் விழுந்து கிடந்த கட்டடத் தொழிலாளி ஒருவரைத் தூக்கி வந்தவர்களும் அதைச் சொல்லித்தான் விட்டுச் சென்றார்கள். நாக்குக் குழறியது, கையைப் பிடித்த செவிலியரைத் தள்ளிவிட்டார், சட்டையெங்கும் சிமென்ட் கறை. தெளியட்டும் என்று அவரைச் சுவரோரமாகக் கிடத்திவிட்டு அடுத்த நோயாளியிடம் போய்விட்டேன். இருபது நிமிடம் கழித்து, சட்டையைப் பிழியும் அளவுக்கு அவர் வியர்த்திருப்பதைக் கவனித்த செவிலியர் விரல் நுனியில் குத்திப் பார்த்தார். சர்க்கரை 34. நரம்பு வழியே குளுக்கோஸ் ஏறி முடிவதற்குள் கண் விழித்தவர், தம் சாப்பாட்டுத் தூக்கு எங்கே என்றுதான் முதலில் கேட்டார். அது திறக்கப்படவே இல்லை. கான்கிரீட் போடும் நாளில் வேலையைப் பாதியில் நிறுத்த முடியாது. காலையில் நீரிழிவுக்கான கிளிமிபிரைடு மாத்திரையை மட்டும் தவறாமல் விழுங்கியிருக்கிறார். சாப்பிடாவிட்டாலும் கணையத்தை இன்சுலின் சுரக்கச் செய்யும் மாத்திரை அது.

ரத்தச் சர்க்கரை டெசிலிட்டருக்கு 54 மில்லிகிராமுக்கும் கீழே இறங்கினால், மூளைக்கு எரிபொருள் போதாமல் பேச்சும் நடையும் தடுமாறும். இதே தடுமாற்றத்தோடு, இஸ்திரி போட்ட சட்டையணிந்த ஒருவரை அவர் மகன் காரில் அழைத்து வந்திருந்தால், நான் முதல் வேலையாகச் சர்க்கரையைப் பார்த்திருப்பேன். அறிகுறி ஒன்றுதான்; ஆளைப் பார்த்து நான் நோயை மாற்றிக்கொண்டேன்.

முன்முடிவு முழுப் பொய்யாக இருப்பதில்லை. அந்த நேரத்தில் தள்ளாடி வருபவர்களில் குடித்தவர்கள் பலர் உண்டு. அச்சுக்கூடத்தில் ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்ப அடிப்பதற்காக வார்த்து வைக்கும் ‘ஸ்டீரியோடைப்’ என்ற உலோகத் தகட்டின் பெயரால்தான், மனத்தில் உறைந்துவிட்ட இத்தகைய பிம்பங்களை 1922-ல் அமெரிக்க இதழாளர் வால்டர் லிப்மன் குறித்தார். தகடு கூட்டத்தைப் பற்றி ஓரளவு சொல்லும். ஸ்ட்ரெச்சரில் கிடக்கும் இந்த ஒருவரைப் பற்றிச் சொல்லாது. முத்திரை சரியாகவே இருந்தாலும், அது குத்தப்பட்டதும் தேடுவதை நிறுத்திவிடுகிறோம் என்பதே என்னை அதிகம் அச்சுறுத்துகிறது. வெறும் வயிற்றில் குடித்தவரின் கல்லீரல் மதுவைச் சிதைப்பதில் மூழ்கிப் புதிதாகக் குளுக்கோஸ் தயாரிக்க இயலாமல் போவதால், அவருக்கும் சர்க்கரை சரியும். குடித்துவிட்டு விழுந்தவரின் மண்டையோட்டுக்குள் ரத்தம் கசிந்துகொண்டிருக்கலாம். வாடையையும் நம்புவதற்கில்லை, சர்க்கரை மிகவும் ஏறி ரத்தத்தில் கீட்டோன் சேர்ந்தவரின் மூச்சிலும் சாராயம் என்று மயங்கத்தக்க ஒரு பழ வாடை வீசும்.

இப்போது நினைவு தடுமாறி வரும் எவருக்கும், அழைத்து வந்தவர் என்ன சொன்னாலும், முதலில் சர்க்கரையைப் பார்க்கிறேன். வழியில் இப்படி ஒருவரைக் கண்டால், சட்டைப் பையில் மாத்திரை அட்டையோ மருந்துச்சீட்டோ இருக்கிறதா என்று பாருங்கள். விழுங்கும் அளவுக்கு நினைவிருந்தால் மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். நினைவில்லையென்றால் வாயில் எதையும் ஊற்றாமல் ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-ஐ அழையுங்கள். எங்களிடம் ஒப்படைக்கும்போது, எங்கே கிடந்தார், எவ்வளவு நேரமாகக் கிடந்தார், வியர்த்திருந்ததா, வலிப்பு வந்ததா என்று நீங்கள் கண்ணால் கண்டதை மட்டும் சொல்லுங்கள்.